நெடுந்தூர ஓட்டத்துக்குப் பின் தசை தேறத் துணைச்சத்துகள்: எது முதலில், எவ்வளவு, எப்போது

மராத்தான், அரை மராத்தான், நீண்ட சைக்கிள் பயணம், டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) ஆகியவற்றுக்குப் பயிற்சி செய்வோர் துணைச்சத்துகளைப் பெரும்பாலும் தலைகீழ் வரிசையில் வாங்குகிறார்கள். உடன் ஓடும் நண்பர் ஒரு டப்பாவைப் பரிந்துரைக்கிறார், இணையக் கடையில் தள்ளுபடி வருகிறது, பொருள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அது எந்தக் குறையைத் தீர்க்கும் என்ற கேள்வி எழுகிறது, அல்லது எழாமலே போகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையை நேராக்க முயல்கிறது. உடல் எதை இழந்தது என்பதை முதலில் அறிந்து, உணவால் ஈடுசெய்யக்கூடியதை உணவால் செய்து, மிஞ்சும் இடைவெளிக்கு மட்டும் தூளையோ மாத்திரையையோ நாடுவதே இங்கு பின்பற்றப்படும் முறை. கீழே தரப்படும் அளவுகள் உடல்நலமுள்ள பெரியவர்களுக்கானவை. சிறுநீரக நோய், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைப் பின்பற்ற வேண்டாம்.

படி 1: எது தீர்ந்தது என்று கண்டறியுங்கள்

"தசை தேறவில்லை" என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடும் நிலைக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு குறைகள் இருக்கின்றன. முதலாவது, தசையில் சேமிக்கப்பட்டிருந்த கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து இருப்பு தீர்ந்துபோவது. மறுநாள் வலி அதிகமில்லாமல், ஆனால் கால்கள் கனத்து, வழக்கமான வேகம்கூடக் கடினமாக இருந்தால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது, வியர்வையில் போன நீரும் உப்பும். மூன்றாவது, தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம். மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாள்கள் நீடிக்கும் இந்த வலி, படிக்கட்டில் ஏறும்போதைவிட இறங்கும்போது கூடுதலாகத் தெரியும். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் இறக்க ஓட்டத்தில் சேதம் மிகுதி என்பதால், சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் சமதளத்தில் மட்டும் பழகியவர் மவுண்ட் ஃபேபர் குன்றிலோ புக்கிட் தீமா குன்றிலோ ஒருமுறை ஓடினால் இந்த வலியை உடனே அறிந்துகொள்வார். நான்காவது, வாரக்கணக்கில் மெல்லச் சேரும் பற்றாக்குறை: இரும்புச்சத்து, வைட்டமின் டி, பி12, போதிய உணவு, போதிய தூக்கம்.

இந்த நான்குக்கும் மருந்து ஒன்றல்ல. கிளைக்கோஜன் தீர்ந்தவருக்குப் புரதத் தூள் மட்டும் போதாது, இரும்புச்சத்து குறைந்தவருக்கு எந்தப் பழச்சாறும் உதவாது. ஆகவே ஏதேனும் வாங்குவதற்கு முன் இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் ஓட்டத்துக்கு முந்தைய, பிந்தைய உடல் எடை, தூங்கிய நேரம், வலி இருந்த இடம், அன்று உண்டவை ஆகியவற்றை எழுதிவாருங்கள். செலவில்லாத இந்தப் பழக்கம் பல டப்பாக்களைத் தேவையற்றவை ஆக்கிவிடும்.

படி 2: முதல் சில மணி நேரத்துக்கு நீர், உப்பு, மாவுச்சத்து

சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் குளிராததால் மேலும் வியர்க்கிறது. இழப்பை அறியச் சிறந்த வழி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் குறைந்த ஆடையுடன், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பார்ப்பது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர் வரை நீர்மம் அடுத்த சில மணி நேரத்தில் தேவைப்படும். 60 கிலோவாகப் புறப்பட்டு 58.8 கிலோவாகத் திரும்பியவருக்கு இது 1.5 முதல் 1.8 லிட்டர். அதை ஒரே மூச்சில் குடிக்காமல், உணவோடு சேர்த்துப் பருகிவர வேண்டும். எடை கூடும் அளவுக்கு வெறும் நீரை அருந்துவது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை மெதுவாக ஓடி நீண்ட நேரம் களத்தில் இருப்பவர்கள் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

இளநீரைப் பலர் முழுமையான மீட்சிப் பானமாகக் கருதுகிறார்கள். அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் வியர்வையில் பெருமளவு வெளியேறுவது சோடியம். எனவே இளநீர் அருந்தினாலும் உப்புள்ள உணவும் சேர வேண்டும். உப்பிட்ட மோர், ரசம், மீன் சூப் ஆகியவை இந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. அடுத்த சில மணி நேரத்தில் மீண்டும் ஓடவோ மிதிக்கவோ வேண்டியவர்களுக்கும், உணவு உடனே உள்ளே இறங்காதவர்களுக்கும் சோடியம் போன்ற உப்புகள் கொண்ட எலெக்ட்ரோலைட் தூள் உதவும். வாங்கும்போது ஒரு லிட்டருக்குச் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். பல வண்ணப் பானங்களில் சர்க்கரை மிகுந்தும் சோடியம் குறைந்தும் இருக்கும்.

மாவுச்சத்தைப் பொறுத்தவரை, அடுத்த பயிற்சி எட்டு மணி நேரத்துக்குள் இருந்தால் மட்டுமே அவசரம் உண்டு. அப்போது முதல் நான்கு மணி நேரம், மணிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை, அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம் வரை மாவுச்சத்து வேண்டும். மறுநாள்தான் ஓட்டம் என்றால் கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை. அன்றைய மொத்த அளவு நிறைவானால் கிளைக்கோஜன் மீண்டும் நிரம்பிவிடும். நாளொன்றுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் பயிற்சி செய்பவருக்கு அந்த மொத்தம் கிலோவுக்கு 6 முதல் 10 கிராம். சோற்றுக்குப் பயந்து, இரவில் அதை அறவே தவிர்த்துவிட்டு, மறுநாள் காலை கால் எழவில்லை என்று மாத்திரை தேடுவது நம்மவர்களிடையே அடிக்கடி காணப்படும் முரண்பாடு.

படி 3: புரதக் கணக்கை முடித்துவிட்டுப் பிறகு தூளை எண்ணிப் பாருங்கள்

தசை தேறுவதில் ஆதாரம் மிக வலுவாக உள்ள துணைச்சத்து புரதம்தான். ஆனால் அதன் பயன் தூளில் இல்லை, நாளின் மொத்த அளவில் இருக்கிறது. உடற்பயிற்சி செய்வோருக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. நெடுந்தூரப் பயிற்சியில் இருப்பவர் 1.6 கிராமைக் குறியாக வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ எடைக்கு அது ஏறத்தாழ 96 கிராம். இதை மூன்று, நான்கு வேளைகளாகப் பிரித்து, வேளைக்குக் கிலோவுக்குக் குறைந்தது 0.3 கிராம் என்ற கணக்கில், 20 கிராமுக்குக் குறையாமல் உண்பது ஒரே வேளையில் அள்ளி உண்பதைவிட நல்லது. வயது ஏற ஏறத் தசை புரதத்துக்குக் காட்டும் துலங்கல் மங்குவதால், ஐம்பதைக் கடந்தவர்கள் வேளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராம் வரை உயர்த்தலாம்.

இதை நம் தட்டில் வைத்துப் பார்க்கலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 250 மில்லி பாலில் 8 கிராம், சமைத்த கோழி 100 கிராமில் ஏறத்தாழ 30 கிராம், டெம்பே என்னும் புளிக்கவைத்த சோயா 100 கிராமில் சுமார் 19 கிராம் புரதம் உண்டு. இரண்டு தோசையும் சட்னியும் சுவையான காலை உணவுதான். ஆனால் ஞாயிறு காலை இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு உணவங்காடி நிலையத்தில் அதோடு எழுந்துவிடுபவர் 20 கிராமைத் தொட்டிருக்க மாட்டார். இரண்டு அவித்த முட்டையும் ஒரு குவளைப் பாலும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். நண்பகலில் மீன் சூப்பும் சோறும், அல்லது டவ் குவா (கெட்டியான சோயாக் கட்டி) மிகுதியாக எடுத்த யோங் டவ் ஃபூ என்னும் சீன உணவும் கிடைக்கும் ஊரில், அசைவம் உண்பவருக்குத் தூள் என்பது வசதிக்கான பொருளே தவிரத் தேவையல்ல.

சைவர்களின் நிலை வேறு. ஆண்டு இறுதியில் நடக்கும் சிங்கப்பூர் மராத்தானுக்குப் பயிற்சி உச்சத்தை நெருங்கும் வாரங்களில்தான் புரட்டாசி வருகிறது. அதையொட்டித் தீமிதி விரதமும் தீபாவளியும் வருகின்றன. தை மாதத்தில் காவடி எடுப்பவர்களுக்கு மராத்தான் முடிந்த சில வாரங்களில் அடுத்த விரதம் தொடங்கிவிடுகிறது. அசைவத்தை நிறுத்தும்போது புரதத்தையும் அறியாமலே நிறுத்திவிடுவது இந்தக் காலத்தின் பொதுவான தவறு. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் சோற்றின்மேல் ஊற்றும் இரண்டு கரண்டிச் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீரே அதிகம். கெட்டியான பருப்பு, கொண்டைக்கடலை, டவ் குவா, டெம்பே, தயிர், பன்னீர் ஆகியவற்றை வேளைதோறும் திட்டமிட்டுச் சேர்க்க வேண்டும். அப்படியும் எட்டாதபோது ஒரு கரண்டித் தூள் நியாயமானது.

பால் ஒத்துக்கொள்பவருக்கு, பாலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வே புரோட்டீன் விரைவில் செரிக்கும். தசைப் புரத உருவாக்கத்தைத் தூண்டும் லியூசின் என்னும் அமினோ அமிலமும் அதில் மிகுதி. 30 கிராம் கரண்டியில் பொதுவாக 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்கள் அது பெரும்பாலும் நீக்கப்பட்ட வே ஐசொலேட் வகையையும், பாலே வேண்டாதவர்கள் சோயாவையோ பட்டாணி, அரிசிக் கலவையையோ தேர்ந்தெடுக்கலாம். தாவரப் புரதத்தில் லியூசின் குறைவு என்பதால் அளவைச் சற்று உயர்த்தினால் போதும். ஓடி முடித்த முப்பது நிமிடத்துக்குள் குடித்தாக வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் உணவு கிடைத்தால் சரி. மாலையில் கடும் பயிற்சி செய்பவர்கள் படுக்கும் முன் பாலில் உள்ள, மெதுவாகச் செரிக்கும் கேசின் புரதம் 30 முதல் 40 கிராம் எடுப்பது இரவில் தசைப் புரத உருவாக்கத்தை உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதை ஒரு கூடுதல் வேளையாகக் கருதலாம், கட்டாயம் என்று கருத வேண்டாம்.

படி 4: பயிற்சிக் காலமா, போட்டிக் காலமா என்று முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடம் இருந்தால், இந்தப் படியை வையுங்கள். கடும் ஓட்டத்துக்குப் பின் தசையில் எழும் அழற்சியும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் வெறும் கேடு அல்ல. உடல் தன்னை வலுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கான சைகைகளும் அவையே. வைட்டமின் சி 1,000 மில்லிகிராமுடன் வைட்டமின் ஈ மாத்திரையையும் நாள்தோறும் எடுத்தவர்களிடம், உடற்பயிற்சியால் தசை செல்லில் உண்டாகும் நல்ல மாற்றங்களில் சில மட்டுப்பட்டதாக 2009, 2014 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. பயிற்சி மாதங்களில் இத்தகைய பெரும் அளவுகளை அன்றாடம் விழுங்குவது, உழைத்துப் பெறும் பலனை நாமே குறைத்துக்கொள்வது. கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு ஆகியவற்றில் உள்ள அளவுக்கு இந்தக் கவலை இல்லை.

போட்டிக் காலம் வேறு. இரண்டு நாள் இடைவெளியில் மீண்டும் போட்டியிட வேண்டும் அல்லது மராத்தானுக்குப் பின் விரைவில் வேலைக்குத் திரும்பி நடமாட வேண்டும் என்றால், அப்போது தேவை முன்னேற்றம் அல்ல, விரைவான மீட்சி. புளிப்புச் செர்ரிச் சாறு இங்குதான் பொருந்துகிறது. லண்டன் மராத்தானில் ஓடியவர்களை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், போட்டிக்கு ஐந்து நாள் முன்னிருந்து போட்டிக்குப் பின் இரண்டு நாள் வரை இச்சாற்றை அருந்தியவர்களின் தசை வலிமை விரைவாகத் திரும்பியது. பங்கேற்றவர்கள் இருபது பேர் மட்டுமே என்பதையும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும். முயல விரும்புபவர் மான்ட்மொரன்சி வகைச் சாற்றை நாளுக்கு இருமுறை, இதே கால அளவில் மட்டும் எடுக்கலாம். ஆண்டு முழுவதும் குடிப்பதற்கான பானம் அன்று அது. சர்க்கரை நோயாளிகள் அதன் இனிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் பாட்டி வைத்தியமும் நவீன மாத்திரையும் அங்கே கைகோத்து நிற்கின்றன. சமையல் மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே உள்ளது, அதிலும் சிறு பகுதியே ரத்தத்தில் கலக்கிறது. எனவே மஞ்சள் பால் இதமான இரவுப் பானம், மருந்தளவு அல்ல. மிளகின் பைப்பரின் சேர்த்துச் செறிவூட்டப்பட்ட மாத்திரைகள் வலியைச் சற்றுக் குறைக்கக்கூடும், ஆனால் அவற்றால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததும் பதிவாகியுள்ளது. ரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் அவற்றைத் தொடக்கூடாது. ஐபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகள் துணைச்சத்துகள் அல்ல என்றாலும் பல ஓட்டக்காரர்களின் பையில் இருப்பதால் ஒரு எச்சரிக்கை: நீரிழந்த உடலில், நீண்ட ஓட்டத்துக்கு முன்போ இடையிலோ அவற்றை விழுங்குவது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

படி 5: மற்றவற்றை அவற்றின் தகுதிக்கேற்ப வரிசைப்படுத்துங்கள்

தசை விரைவாக ஆற்றல் பெற உதவும் கிரியேட்டின் பளு தூக்குவோருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பழையது. நாளுக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட், மாவுச்சத்தோடு எடுக்கும்போது கிளைக்கோஜன் சேமிப்புக்கு உதவலாம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் தசைச் சேதத்தின் ரத்த அறிகுறிகள் குறைந்ததாகவும் ஆய்வு உண்டு. மறுபக்கம், தசையில் நீர் தங்குவதால் எடை ஒரு கிலோ அல்லது அதற்கு மேல் கூடலாம். ஒவ்வொரு அடியிலும் தன் எடையைத் தானே சுமக்கும் ஓட்டக்காரருக்கு அது சிறிய விஷயம் அல்ல. ஆகவே வலிமைப் பயிற்சி மிகுந்த தொடக்க மாதங்களில் எடுத்து, போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் நிறுத்துவதே என் பரிந்துரை. ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக நலத்தைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இதனால் சற்று உயர்ந்து தெரியும் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒமேகா-3 இரண்டாவது நிலையில் வருகிறது. மீன் எண்ணெயில் உள்ள அதன் இரு வடிவங்களான இபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்ந்து நாளுக்கு 1 முதல் 2 கிராம் என்ற அளவில், பல வாரங்கள் தொடர்ந்து எடுத்தால் வலி ஓரளவு குறையலாம். போட்டிக்கு முந்தைய வாரம் தொடங்குவதில் பொருளில்லை. வாரம் இரண்டு மூன்று முறை மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன் உண்பவருக்கு மாத்திரை அவசியம் இல்லை. சைவர்களுக்குப் பாசி எண்ணெய் பொருந்தும், ஏனெனில் ஆளிவிதையில் உள்ள ஒமேகா-3 உடலில் மிகக் குறைந்த அளவே இந்த வடிவங்களுக்கு மாறுகிறது. கொலாஜன் என்னும் புரதம் தசைக்கானது அல்ல, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கானது. சுமார் 15 கிராமை வைட்டமின் சியோடு, பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன் எடுக்கும் முறை ஆய்வு நிலையில் நம்பிக்கை தருகிறது. குதிகால் நாண் வலியுள்ளவர்கள் இயன்முறை சிகிச்சையோடு சேர்த்து முயலலாம்.

பிசிஏஏ (லியூசின் உள்ளிட்ட மூன்று அமினோ அமிலங்கள்) தூளுக்குச் செலவிட வேண்டாம். போதிய புரதம் உண்பவருக்கு அது ஏற்கெனவே உணவில் இருப்பதைத் தனியாக விலைகொடுத்து வாங்குவதுதான். குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்துக்கும் அப்படியே. தசைப்பிடிப்புக்காக மெக்னீசியம் விழுங்குவோர் பலர், ஆனால் உடலில் குறைபாடு இல்லாதபோது அது பிடிப்பைத் தடுப்பதற்கான ஆதாரம் மெலிந்தது. அஸ்வகந்தாவும் தசை மீட்சிக்கு முதல் தேர்வு அல்ல. தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

படி 6: ரத்தப் பரிசோதனை இன்றி இரும்பைத் தொடாதீர்கள்

வாரக்கணக்கில் சோர்வு நீடித்து, வேகம் காரணமின்றிக் குறைந்தால் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்), வைட்டமின் டி, பி12 ஆகியவற்றைப் பரிசோதிக்கக் கேளுங்கள். மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் சைவர்களுக்கும் ஃபெரிட்டின் குறைவது பொதுவானது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தாழ்ந்திருக்கலாம் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தால் அதை எடுக்கும் நேரமும் முக்கியம். கடும் ஓட்டம் முடிந்த மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. எனவே காலையில், ஓட்டத்துக்கு முன்போ முடிந்த அரை மணி நேரத்துக்குள்ளோ, வைட்டமின் சி உள்ள பழத்தோடு எடுப்பது நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது இரும்பு குறைந்த பெண்களுக்குச் சிறப்பாக உறிஞ்சப்படுவதாக ஆய்வுகள் காட்டுவதால், அந்த முறை தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஓட்டம் முடிந்ததும் தே தாரேக் என்னும் பால் தேநீரில் மாத்திரையை விழுங்குவது மட்டும் கூடாது. தேநீரும் காப்பியும் இரும்பைக் கட்டிவிடும், ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

வைட்டமின் டி வெயில் நாட்டில் எப்படிக் குறையும் என்று கேட்கலாம். இங்கு சூரியன் ஏழு மணியளவில்தான் உதிக்கிறது. வெப்பத்துக்கு அஞ்சி ஐந்தரைக்கு ஓடத் தொடங்கி, ஏழரைக்கு எம்ஆர்டி ரயிலில் ஏறி, மாலை வரை குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் இருப்பவருக்கு வெயில் எங்கே கிடைக்கிறது? கருமையான தோலுக்குக் கூடுதல் நேர வெயிலும் தேவை. குறைவு உறுதியானால் மருத்துவர் சொல்லும் அளவை எடுங்கள். அவர் சொல்லாமல் நாளுக்கு 4,000 ஐயு அளவைத் தாண்ட வேண்டாம்.

படி 7: டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

சிங்கப்பூரில் மருந்துகளைப் போலத் துணைச்சத்துகள் விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. அவற்றின் பாதுகாப்புக்கு இறக்குமதி செய்பவரும் விற்பவருமே பொறுப்பு. கடை அலமாரியில் இருப்பதாலேயே ஒரு பொருள் சோதிக்கப்பட்டது என்று கொள்ளக்கூடாது என்பது இதன் பொருள். கலப்பட ஐயமும் கற்பனை அல்ல. 2004இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு 13 நாடுகளில் வாங்கிய 634 பொருள்களைச் சோதித்தபோது, 94இல் சிட்டையில் (லேபிளில்) குறிப்பிடாத ஹார்மோன் சார்ந்த பொருள்கள் இருந்தன. ஏறத்தாழ ஏழில் ஒன்று.

போட்டியாளர்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி உள்ளே வந்தது என்பதைப் பொருட்படுத்தாமல் விளையாட்டாளரே பொறுப்பு. எனவே 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்', 'என்எஸ்எஃப் சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட்' போன்ற முத்திரையுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து, டப்பாவில் உள்ள தொகுதி எண்ணை அந்த அமைப்பின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். முத்திரை ஆபத்தைக் குறைக்கும், முற்றாக நீக்காது. அளவுகளை மறைத்து "தனிக் கலவை" என்று மட்டும் எழுதியிருப்பவற்றையும், பாட்டில் மாற்றி விற்கப்படும் தூள்களையும், பெயர் தெரியாத மூலிகை லேகியங்களையும் விட்டுவிடுங்கள்.

சிட்டையில் பார்க்க வேண்டிய இன்னொன்று மூலப்பொருள். மீன் எண்ணெய் மாத்திரையின் உறை பெரும்பாலும் மாட்டு அல்லது பன்றி ஜெலட்டினால் ஆனது. கொலாஜன் ஏறக்குறைய எப்போதும் விலங்கிலிருந்தே வருகிறது. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. விரதம் இருப்பவர்களும் சைவர்களும் ஹலால் கடைப்பிடிப்பவர்களும் உரிய முத்திரையைத் தேடி வாங்குவது நல்லது.

படி 8: ஒன்றை மட்டும் தொடங்கி, அளந்து பாருங்கள்

ஒரே வாரத்தில் மூன்று பொருள்களைத் தொடங்கினால் எது உதவியது, எது வயிற்றைக் கெடுத்தது என்று பிரித்தறிய முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நான்கு முதல் எட்டு வாரங்கள் குறிப்பேட்டைத் தொடருங்கள். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் காலை, ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஓடும்போது இதயத் துடிப்பு எவ்வளவு, படியிறங்கும்போது வலி பத்துக்கு எத்தனை என்று எழுதினால் போதும். போட்டி நாளில் புதிய பொருள் எதையும் வாயில் வைக்காதீர்கள். வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையின் ஈரத்தில் தூள் கட்டிபிடித்துவிடும் என்பதால், மூடியை இறுக்கி உலர்ந்த அலமாரியில் வையுங்கள்.

சில அறிகுறிகளுக்குத் துணைச்சத்து விடையல்ல. கடும் ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, தசை வீங்கி அசைக்க முடியாத வலி இருந்தாலோ தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும் நிலையாக இருக்கக்கூடும். எடை கூடிய நிலையில் தலைவலி, வாந்தி, குழப்பம் தோன்றினால் சோடியம் வீழ்ந்திருக்கலாம். அப்போது மேலும் தண்ணீர் கொடுக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது, நீங்கள் உட்கொண்டுவரும் துணைச்சத்துகள் அனைத்தின் டப்பாக்களையும், அல்லது சிட்டைகளின் படங்களையும், கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.